மறுப்பு விகிதம்

ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்கு விலை ஆயிரத்து இருநூறு. எதிர்காலத்தை வாங்குவதற்கு அல்ல, கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதற்கு. இல்லை என்று சொல்லிவிட்டாலும் பணம் திரும்பி வராது. இதற்கு விண்ணப்பக் கட்டணம் என்று பெயர்.

நான் பொத்தான் கடைக்காரன். பொத்தான், ஜிப், ஊக்கு, எலாஸ்டிக், லேஸ், நூல்கண்டு எல்லாம் உண்டு. என் அப்பா செய்ததும் இதே வியாபாரம். எங்கள் தெருவில் விலை கேட்பது இலவசம். ஒரு மணி நேரம் பேரம் பேசிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகலாம். போகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை திட்டுவோம், அதுவும் இலவசம். 'ஜிப் இருக்கா?' என்று கேட்டு வந்தவரிடம் ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு, ஆறு வாரம் காக்கவைத்து, 'தங்களைப் போன்ற தகுதிமிக்கவர்கள் பெருந்திரளாக வந்துவிட்டபடியால் தங்களுக்கு ஜிப் இல்லை' என்று கடிதம் போட்டால், மறுநாள் என் கடைக்குக் கதவு இருக்காது.

இதையே செய்து, செய்ததற்குக் கேடயமும் வாங்கிக்கொள்கிற தொழில் ஒன்று உண்டு என்பது என் மகள் பள்ளிப் படிப்பை முடித்த வருஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் வந்தவை கடிதங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. முன்வாசல் வளைவு நாலு மாடி உயரம் என்பது மட்டும் தெரியும். ஆகவே அதற்குப் 'பெரிய வாசல்' என்றே பெயர். அங்கிருந்து வழவழப்பான உறையில் என் மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள எதிர்காலமே, பல லட்சம் பேரில் உங்களைத் தனியாகக் கண்டெடுத்திருக்கிறோம். விண்ணப்பியுங்கள்.' வீட்டில் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அதே கடிதம் என் மனைவிக்கு வந்தது. அதற்கடுத்த நாள் அவள் தம்பிக்கு. அவன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் கடையில் ஜிப் பகுதி அவன் பொறுப்பு. வாயை மூடவே மாட்டான் என்பதால் தெருவே அவனை ஜிப்பு என்று கூப்பிடும். நாலாவது கடிதம் கடைக்கு வந்தது. பெயர்ப் பலகை 'அண்ட் சன்ஸ்' என்று முடிவதால் 'அன்புள்ள சன்ஸ்' என்று தொடங்கியிருந்தது. ஐந்தாவது, இறந்து பதினோரு வருஷமான என் அப்பாவுக்கு. 'உங்களைப் போன்ற துடிப்பான இளைஞர்கள்தான் எங்கள் பலம்.'

என் மனைவி அதை அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகினாள். "மாமா இருந்திருந்தா கண்டிப்பா இடம் கிடைச்சிருக்கும்" என்றாள்.

"கிடைச்சிருக்காதும்மா" என்றாள் மகள். "யாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னுதான் இத்தனை பேருக்கு அனுப்பறாங்க."

பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "ஆயிரம் பேர் கேட்டு முப்பது பேரை எடுத்தா, நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரை வேண்டாம்னு சொன்னதா அர்த்தம். இதுக்கு மறுப்பு விகிதம்னு பேரு. ரெண்டாயிரம் பேரைக் கேக்க வெச்சா? எடுக்கறது அதே முப்பது பேருதான். ஆனா விகிதம் தொண்ணூத்தெட்டரை. கேக்கறவங்க கூடக் கூட இவங்க தரம் ஏறிட்டே போகும்."

ஜிப்பு தன் கடிதத்தைப் பார்த்தான். "அப்ப எனக்கு எதுக்கு லெட்டர் போட்டான்?"

"உங்களை வேண்டாம்னு சொல்றதுக்கு மாமா."

"நான்தான் கேக்கவே இல்லையே!"

"அதான் கேக்கச் சொல்றாங்க."

நான் யோசித்தேன். தலைக்கு ஆயிரத்து இருநூறு. கொள்முதல் கிடையாது, சரக்கு தேங்காது, எலி கடிக்காது. இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தால் என் அப்பா பொத்தானே வாங்கிப் போட்டிருக்க மாட்டார். பெரிய கதவாக ஒன்று வாங்கிப் பூட்டி வைத்திருப்பார்.

"இவ்வளவு தெரிஞ்சும் உனக்கு எதுக்கு பாப்பா அந்த எழவு?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஒரு நீல அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. புள்ளியியல். அதாவது, நடந்ததை எண்ணி வைத்துக்கொண்டு நடக்கப்போவதை அளப்பது. இரண்டு வருஷமாக அந்தப் புத்தகத்தோடுதான் சாப்பிட்டாள், தூங்கினாள். போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், நாலு வருஷப் பழைய பில்களைத் தரையில் பரப்பி வைத்து, வெள்ளைச் சட்டைப் பொத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு குரோஸ் போதும் என்றாள். குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன். நான் எப்போதும் குத்துமதிப்பாக முந்நூறு வாங்கி, மிஞ்சியதை வருஷம் முழுக்கப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன். அந்த வருஷம் அவள் சொன்னபடி வாங்கினேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு டஜன்.

"இதை எழுதினவர் அங்கதான்பா இருக்கார். துறைத் தலைவர். ஆறாம் பாடத்துல கடைசிக் கணக்குக்கு மட்டும் விடை போடாம விட்டிருக்கார். ரெண்டு வருஷமா முட்டிக்கறேன். அவர்கிட்ட உக்காந்து கேக்கணும்."

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய கல்லூரி உண்டு. அங்கேயும் புள்ளியியல் இருக்கிறது. படிவத்தின் விலை ஐம்பது. கேட்டவருக்கெல்லாம் இடம் கொடுப்பார்கள் என்பதால் யாருக்கும் அதன் மேல் மரியாதை கிடையாது. இரண்டுக்கும் போட்டுவைக்கலாம் என்றால் பெரிய வாசல் விடாது. 'வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்க நினைக்கவும் இல்லை' என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. ஆக, ஒரே குறி. ஆயிரத்து இருநூறு கட்டினோம்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். 'நீங்கள் தலைமை தாங்கிய கூட்டம் எது?' பில் போட நின்ற கூட்டத்தை எழுதினாள். 'உங்களை நிலைகுலையச் செய்த துயரம் ஒன்றை முந்நூறு சொற்களில் விவரிக்கவும். முந்நூறு சொற்களுக்குக் குறைவான துயரங்கள் பரிசீலிக்கப்படமாட்டா.' என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம வீட்டுல அப்படி என்ன துயரம் நடந்துபோச்சு? கட்டினவரும் நல்லாத்தான் இருக்கார், கடையும் ஓடுது."

"என்னைப் பத்தி எழுதட்டுமேக்கா" என்றான் ஜிப்பு. எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் வந்தன.

கடைசிக் கேள்வி: 'எங்களிடம் ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' இதற்கு மூன்று நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி, கடைக் கணினியில் அச்செடுத்து, உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். மற்ற நாற்பதையும் இணையத்தில் நிரப்பிய பிறகு, இந்த ஒரு பதிலை மட்டும் அச்செடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். வசதிக்காகவாம்.

உறையை ஒட்டுவதற்கு முன் நான் அந்த நாலு பக்கத்தைப் படித்தேன். பொத்தான் கணக்கு இருந்தது. நீலப் புத்தகம் இருந்தது. ஆறாம் பாடம் இருந்தது. 'இந்த ஒரு கணக்குக்காகவே நான் ஆற்றை நடந்தே கடப்பேன்' என்று ஒரு வரி இருந்தது. பசையை மூடி வைத்துவிட்டேன்.

வெளியாட்களுக்கு இது புரியாது. மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போனால், எது வேண்டுமோ அதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் வேண்டாத நாலு பெட்டியைத் திறந்து முகம் சுளிக்க வேண்டும். வேண்டியதைப் புறங்கையால் தள்ளி, 'இதையெல்லாம் யாரு வாங்குவா?' என்று கேட்க வேண்டும். கண்ணில் ஆசை தெரிந்துவிட்டால் அன்றைக்கு முதலுக்கே நஷ்டம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் தெருவில் காற்றிலேயே இருக்கிறது.

ஜிப்புவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "என்ன மச்சான் இது? இவ இப்படிக் கால்ல விழுந்தா அவன் தலைமேல ஏறி உக்காந்துப்பான்!"

எதிர் வரிசை ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பேருமாக வேறு பதில் தயாரித்தோம். மூன்று வரி.

'எனக்கு அவசரம் இல்லை. வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். உங்கள் சரக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'

நாலு பக்கத்தை எடுத்துக் கல்லாவில் சில்லறைத் தட்டுக்கு அடியில் வைத்தேன். மூன்று வரியை உறையில் போட்டு ஒட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. இது மோசடி அல்ல, உதவி என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். எங்கள் தெருவில் எல்லா மோசடியும் அப்படித்தான் தொடங்கும்.

ஆறு வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரில் எண்ணூறு பேருக்குத்தான் வந்ததாம். மகள் கடையிலேயே குதித்தாள். "நாலு பக்கத்தையும் படிச்சிருக்காங்கப்பா!" ஜிப்பு என்னைப் பார்த்தான். நான் எலாஸ்டிக்கை அளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்காமலே ஆறு மீட்டர் அளந்தேன்.

நேர்காணல் நடந்த தேதிதான் பழைய கல்லூரியில் படிவம் வாங்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். அதை நான் மட்டும் மனசில் குறித்து வைத்திருந்தேன்.

பெரிய வாசலின் உச்சியில் ஒரு மின்பலகை எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. 98.21. நாங்கள் உள்ளே நுழையும்போது அது 98.22 ஆயிற்று. வரவேற்புக்கு வந்த அம்மாள் கைதட்டினாள். "இப்பதான் ஒரு கட்டு மறுப்புக் கடிதம் அனுப்பியிருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அவள்தான் சுற்றிக் காட்டினாள். நூலகத்தை வெளியிலிருந்து காட்டினாள், இங்கிருந்து பார்த்தால்தான் அழகாம். நடைபாதைச் சுவரில் ஒரு சிறு இயந்திரம் ஐந்து நிமிஷத்துக்கொருதரம் 'புஸ்' என்று எதையோ தெளித்தது. பழைய புத்தக வாசனையாம். மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் தெருவில் பிளாஸ்டிக் பூவுக்கு அத்தர் தடவி விற்கிற ஒருவன் இருந்தான். மற்றவர்கள் அவனோடு சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு பெரிய அரங்கம். இரண்டாயிரம் நாற்காலிகள். எதிலும் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை.

"இதுல இதுவரைக்கும் ஒருத்தர்கூட உக்காந்ததில்ல" என்றாள் அம்மாள், குரலைத் தாழ்த்தி. "எங்க நிறுவனர் காலத்துல வந்தவங்களை எல்லாம் சேத்துக்கிட்டாங்களாம். அதெல்லாம் ஒரு இருண்ட காலம். அதைப் பத்தி நாங்க பேசறதில்ல."

"பாடம் எங்க மேடம் நடக்கும்?" என்று மகள் கேட்டாள்.

"கேள்வி நேரம் கடைசில இருக்கும்மா."

அடுத்து மறுப்புத் துறை. நாலு மாடிக் கட்டடம். முதல் மாடியில் உடனடி மறுப்பு. இரண்டாவதில் கனிவான மறுப்பு. அதற்குத் தனியாக ஆறு பேர் உட்கார்ந்து 'வருந்துகிறோம்' என்பதற்கு மாற்றுச் சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் நாலும் காத்திருப்போர் பட்டியல். "ஒருத்தர் ஒன்பது வருஷமா காத்திட்டிருக்கார்" என்றாள் அம்மாள். "நடுவுல கல்யாணம் ஆயி ரெண்டு குழந்தையும் பொறந்தாச்சு. மூத்தவனை இப்பவே பட்டியல்ல சேத்துட்டார். அந்த மாதிரி விசுவாசம் இப்பல்லாம் யார்கிட்ட இருக்கு?"

புள்ளியியல் துறை அந்தக் கட்டடத்திலேயே மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு கதவு, கதவில் ஒரு கேடயம். கேடயத்தில் '100' என்று மட்டும் பொறித்திருந்தது. மகள் அதன் முன் ஒரு கணம் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர். நடுவில் சேர்க்கைத் தலைவர். அவருக்கு வலப்பக்கம், நீலப் புத்தகத்தின் பின்னட்டைப் படத்தில் இருந்த அதே மூக்கோடு பேராசிரியர். மீதி மூன்று பேர் தலைவர் பேசும்போது தலையாட்டினார்கள். பேராசிரியர் பேசும்போது தலைவரைப் பார்த்துவிட்டு ஆட்டினார்கள். பெற்றோரும் உடன் இருக்கலாம் என்றார்கள். பெற்றோரின் ஏக்கத்துக்குத் தனி மதிப்பெண் உண்டாம்.

தலைவர் ஒரு தாளை எடுத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். எத்தனை லட்சம் காகிதம்! எல்லாரும் எங்களை விரும்பறாங்க. கனவுங்கறாங்க, உயிருங்கறாங்க. அலுத்துப் போச்சும்மா. விரும்பறவங்களை வேண்டாம்னு சொல்றதுல என்ன சுகம் இருக்கு? அப்பதான் இது வந்துச்சு." வாசித்தார். "'எனக்கு அவசரம் இல்லை. வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். உங்கள் சரக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க உறுதிமொழியையே மிதிச்சிட்டு எழுதியிருக்கே! எங்களை இப்படி யாருமே அவமதிச்சதில்ல. எங்க தரத்தைப் புரிஞ்சுக்கிட்டது நீ ஒருத்திதான்."

மூன்று தலைகளும் ஆடின.

என் மகள் என் பக்கம் திரும்பினாள். ஒருமுறை இருபதாயிரம் ஊக்குகளைக் கலந்து கொட்டிவிட்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து அவள்தான் பிரித்தாள். அன்றைக்குக்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"இடம் உனக்குத்தான்" என்றார் தலைவர்.

"அது முடியாதுங்களே" என்றார் பேராசிரியர். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. "இந்தப் பொண்ணை எடுத்தா என் துறை என்ன ஆகறது?"

"ஏன் சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"எங்க துறைல மூணு வருஷமா மறுப்பு விகிதம் நூறு" என்றார் அவர், என்னிடம் அல்ல, சுவரிடம் சொல்வது போல. "விண்ணப்பிச்ச ஒருத்தரைக்கூட எடுக்கல. வேற எந்தத் துறையும் தொண்ணூத்தொன்பது புள்ளி மூணைத் தாண்டினதில்ல. கேடயம் பாத்திருப்பீங்க."

"அப்ப உங்ககிட்ட யார் படிக்கறாங்க?"

"யாரும் இல்ல. அதானே நூறு."

"நீங்க என்ன செய்யறீங்க சார்?" என்றாள் மகள்.

"வாசல்ல பலகை பாத்தியே, அந்த எண் நான் போடறது. முன்னெல்லாம் முழு எண்ணோட நிறுத்திடுவாங்க. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் கொண்டுவந்தவன் நான். மூணாவது இலக்கத்துக்கு நிதி கேட்டிருக்கோம்." முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

மகள் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்து ஆறாம் பாடத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். "சார், இந்தக் கணக்கு. ரெண்டு வழில போட்டுப் பாத்துட்டேன், ரெண்டும் ஒரே இடத்துல மாட்டிக்குது. விடை இருக்கா, இல்லையா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. விரல் நுனியால் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, அட்டையைப் பார்த்து, பழைய சட்டையில் கறையைக் கண்டவர் போல முகம் சுளித்தார். "இது நான் எழுதினதா? ஆமா, பேரு போட்டிருக்கு. எல்லாரையும் சேத்துக்கிட்ட காலத்துல எழுதினது. அப்ப பசங்க வந்து கேட்டுட்டே இருப்பாங்க, எழுதவேண்டியதாப் போச்சு." புத்தகத்தைத் திருப்பித் தள்ளினார். புறங்கையால்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அது எங்கள் தெருக் கை. ஆனால் நாங்கள் அப்படித் தள்ளுவது மனசுக்குள் வேண்டும் என்று நினைக்கிற சரக்கை. இந்த மனிதருக்கு உள்ளேயும் வேண்டியிருக்கவில்லை.

குழு கூடிப் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தது. தலைவர் அறிவித்தார். "உன்னைச் சேத்துக்கறோம். ஆனா புள்ளியியல் கணக்குல மறுத்ததாதான் இருக்கும். முழுக் கட்டணம் கட்டணும், அடையாள அட்டை உண்டு, பட்டம்கூட உண்டு. வகுப்பு மட்டும் கிடையாது. வகுப்பு நடந்தா துறைல மாணவி இருக்கறது தெரிஞ்சுடும், இல்லையா?"

தலைகள் ஆடின. சுவர் இயந்திரம் 'புஸ்' என்றது.

மகள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். பொத்தானை மாட்டினாள். "வேண்டாம் சார்."

அறையில் யாருக்கும் அந்தச் சொல் புரியவில்லை. தினம் ஆயிரம்முறை எழுதுகிற சொல்தான், ஆனால் அந்தத் திசையிலிருந்து வந்து பழக்கமில்லை. தலைவர்தான் முதலில் தெளிந்தார். "இந்த வளாகத்துல வேண்டாம்னு சொல்ற உரிமை எங்களுக்கு மட்டும்தான் இருக்கு. நீ சொல்லணும்னா அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. அறுநூறு. ஏழு நாள்ல பரிசீலிச்சு, பெரும்பாலும் மறுத்துடுவோம்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை. எனக்குள் இருந்த கடைக்காரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சார், அவ சொன்னதா எதுக்கு வெச்சுக்கறீங்க? நீங்களே அவளை வேண்டாம்னு சொல்லிட்டதா எழுதிக்குங்க. உங்க பலகைல எண்ணு ஏறும். பேராசிரியருக்குக் கேடயம் தப்பிக்கும். எனக்கு அறுநூறு மிச்சம்."

"அது உண்மை இல்லையே" என்றார் தலைவர். மூன்று தலைகளும் எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் நின்றன. பேராசிரியர் அவர் காதில் ஏதோ சொன்னார். அநேகமாக மூன்றாவது இலக்கத்தைப் பற்றியதாக இருக்கும். "சரி" என்றார் தலைவர்.

"இவ்வளவு லாபம் பண்ணித் தர்றேன், மேல என்ன போடறீங்க?" பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. தலைவர் மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு டீ டோக்கனை எடுத்துக் கொடுத்துவிட்டு என் கையைக் குலுக்கினார். கை அவர்கள் கடித உறை மாதிரியே வழவழவென்றிருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில், என் கடையில் இருப்பது போலவே அந்த அறையில் சௌகரியமாக உட்கார்ந்து பேரம் பேசியிருக்கிறேன்.

வாசலைத் தாண்டும்போது பலகை 98.23 காட்டியது. அதில் என் மகளும் இருக்கிறாள்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் நாலு பக்கம் எங்கப்பா?"

"கல்லாவுல. சில்லறைத் தட்டுக்கு அடில."

"கிழிக்கலையே?"

"சேச்சே." டிக்கெட்டை நாலாக மடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு பாப்பா. அதான் பயந்துட்டேன்" என்றேன்.

"நல்லா இருந்தா அனுப்பணும்" என்றாள்.

கடை வாசலில் இறங்கினோம். மகள் கேட்டதும் என் மனைவி கல்லாவைத் திறந்து, தட்டைத் தூக்கி, நாலு பக்கத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அங்கே அது இருப்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். "நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்துட்டிருந்தேங்க" என்றாள் என்னிடம். நானும் மகளும் டிப்போவுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

பழைய கல்லூரியின் ஜன்னலில் ஒரு குமாஸ்தா அம்மாள் இருந்தார். மேலே மின்விசிறிக்கு ஓர் இறக்கை இல்லை. அது சுற்றும்போது அறையே ஒரு பக்கமாக இழுபடுவது போலிருந்தது. ஐம்பது கொடுத்துப் படிவம் வாங்கி நிரப்பினோம். ஒரே பக்கம். மகள் நாலு பக்கத்தையும் அதோடு சேர்த்து நீட்டினாள்.

"இதெல்லாம் நாங்க கேக்கலையேம்மா."

"இருக்கட்டும் மேடம்."

அந்த அம்மாள் திருப்பிக் கொடுக்கப்போனவர், முதல் வரியில் கண் விழுந்து படிக்க ஆரம்பித்தார். நாலு பக்கமும் படித்தார். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர், "மேடம், வீட்டுல போய்ப் படிங்க" என்றார். அவர் நிமிரவில்லை.

"மிச்சம் ரெண்டே ரெண்டு டஜன்தானா?"

"ஆமா மேடம்."

"வெள்ளைக்கு மட்டும் போட்டியா? கலர் பட்டனுக்கு?"

"கலருக்குச் சரியா வரல."

"வராது. கலர் எல்லாம் வாங்கறவங்க மனசைப் பொறுத்தது." முத்திரையை எடுத்துக் குத்தினார். "வந்து உக்காந்து போடு. ஆறாம் பாடக் கணக்கு இங்க இருக்கற வாத்தியாருக்குத் தெரியுமோ என்னவோ, கேட்டுப் பாரு. கையெழுத்துப் போடு சீக்கிரம், ஜன்னலை மூடணும்."

அடுத்த மாதம் பெரிய வாசலிலிருந்து தங்கக் கரை போட்ட மறுப்புச் சான்றிதழ் வந்தது. கூடவே சட்டம் போட்டுத் தருவதற்கான விலைப்பட்டியலும், 'அன்புள்ள எதிர்காலமே' என்று அடுத்த வருஷத்துக்கான அழைப்பும். ஜிப்புவுக்கும் தனியாக ஓர் உறை வந்தது. எங்களுக்குத் தெரியாமல் அவனும் விண்ணப்பித்திருக்கிறான். துயரம் என்ற கேள்விக்கு என்னைப் பற்றி எழுதினானாம். "மூணாவது மாடிப் பட்டியல்ல இருக்கேன் மச்சான்" என்றான், தலை நிமிர்ந்து.

ஒரு நாள் கடை சாத்தும்போது எல்லாவற்றையும் பேரேட்டில் ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன்.

பெரிய வாசலில் கேட்டுப் பார்த்த வகையில் ஆயிரத்து இருநூறு. ஜிப்பு கல்லாவிலிருந்து எடுத்து அதே இடத்தில் கட்டியது இன்னொரு ஆயிரத்து இருநூறு. ஜெராக்ஸ் கடையில் மூன்று வரி அடித்ததற்கு ஐந்து. பஸ் நாற்பது. பழைய கல்லூரியில் ஐம்பது. வரவில், டீ டோக்கன் ஒன்று, போன வருஷமே காலாவதியானது. தங்கக் கரைச் சான்றிதழ் ஒன்று, தடித்த காகிதம், ஊக்கு மடிக்கப் பயன்படுகிறது. ஆறாம் பாடத்தின் விடை இன்னும் வரவில்லை. பழைய கல்லூரி வாத்தியாரும் அவளும் மூன்றாவது வழியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வரி மட்டும் பாக்கி இருந்தது. நாலு பக்கத்தை எடுத்துவிட்டு மூன்று வரியை வைத்ததற்கு என் மகளுக்கு நான் தரவேண்டியது. எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டே அவளிடம் கேட்டேன். "என்ன விலைன்னாலும் சொல்லு பாப்பா. பேரம் பேச மாட்டேன்."

அவள் வெள்ளைப் பொத்தான் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு அவசரம் இல்லப்பா" என்றாள். "உங்க சரக்கைப் பாத்துட்டுச் சொல்றேன்."

நிலுவை என்று எழுதி, தொகை இடத்தைக் காலியாக விட்டு, பேரேட்டை மூடினேன்.